காமன்ஸ்பிரிட் ஹெல்த்: பில் கவுண்டரில் தெரியும் சேவை

டிக்னிட்டி ஹெல்த், கத்தோலிக் ஹெல்த் இனிஷியேட்டிவ்ஸ் என்ற இரு நிறுவனங்கள் 2019-இல் இணைந்து உருவான அமெரிக்க மருத்துவமனைக் குழுமம் காமன்ஸ்பிரிட் ஹெல்த், தலைமையகம் சிகாகோ. இதன் மருத்துவமனைகள் பலவற்றைத் தொடங்கிய கத்தோலிக்கக் கன்னியர் மடங்களின் ‘ஏழைக்கு முதலிடம்’ என்ற மரபை உரசிப் பார்க்கவேண்டிய இடம் பில் கவுண்டர்தான். லாபநோக்கற்ற மருத்துவமனை என்பதால், வீடு திரும்பியபின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாளுக்குள் வழக்கு, சம்பளப் பிடித்தம் எதுவும் கூடாது. பணமில்லையே என்று ஒதுங்கிவிடாதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். சம்பளச் சீட்டோ வரித்தாக்கல் நகலோ விடுபட்டால் விண்ணப்பம் அப்படியே தேங்கிவிடும். மயக்க மருந்து நிபுணர் தனி பில் அனுப்பக்கூடும். அவர் உதவித் திட்டத்தில் அடங்குவாரா என்று மருத்துவமனைப் பட்டியலில் பாருங்கள். கத்தோலிக்கக் கிளைகளில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை பொதுவாகச் செய்வதில்லை. பிரசவத்தோடு சேர்த்துச் செய்ய நினைப்பவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே விசாரிக்க வேண்டும்.