கிளேர்ஃபோன்டேன் கோட்டு நோட்டு: இங்க் பேனாவோடு சில வருடங்கள்

இங்க் பேனாவில் எழுதுகிறவர்கள் புது நோட்டு வாங்கப் போனால் முதலில் கேட்பது ‘எத்தனை ஜிஎஸ்எம்?’ என்றுதான். தாள் தடிமனாக இருந்தால் மை ஊறாது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். 80, 90 என்று அட்டையில் பெரிதாகப் போட்ட நோட்டிலும் மை கிளைவிட்டுப் பரவுவது உண்டு. ஜப்பானில் உருவான டோமோ ரிவர் தாளில் பெயர்பெற்ற ரகம் வெறும் 52 ஜிஎஸ்எம். விரல் வைத்தால் அடிப்பக்கம் நிழலாடும். ஆனால் தடித்த கோடு விழும் பட்டை நிப்பில் தாராளமாக எழுதினாலும் அதில் மை மறுபக்கம் இறங்குவது அபூர்வம்.

விஷயம் எடையில் இல்லை, தாளைப் பக்குவப்படுத்துவதில் இருக்கிறது. தாள் என்பது நார்களின் பின்னல். நார்களுக்கு நடுவே இருக்கும் சந்துகள் மையை உறிஞ்சி, நார் போகும் திசையிலேயே இழுத்துக்கொண்டு போகும். எழுத்தின் ஓரம் பிசிறுவது இதனால்தான். அந்த உறிஞ்சலைக் கட்டுப்படுத்த ஆலையில் ஸ்டார்ச் போன்ற பொருட்களைத் தாளில் ஏற்றுகிறார்கள். சைஸிங் என்று பெயர். வேட்டிக்குக் கஞ்சி போடுகிற அதே வேலை. அப்புறம் உருளைகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்குகிறார்கள். இந்த இரண்டும் நன்றாக அமைந்த தாளில் மை மேலேயே நின்று மெதுவாகக் காயும். இப்போது சொல்லப்போகும் நோட்டின் அருமை, தொல்லை இரண்டும் இந்த ஒரே குணத்திலிருந்து வருபவை.

நான் விடாமல் வாங்கிக்கொண்டிருப்பது பிரான்சின் கிளேர்ஃபோன்டேன் நோட்டு. ஏ5 அளவு, 96 தாள், அதாவது 192 பக்கம். 90 ஜிஎஸ்எம், கோடு போட்டது, முதுகில் துணி ஒட்டிய அட்டை. பிழைதிருத்துவது என் தொழில். நாளெல்லாம் அடுத்தவர் எழுத்தைத் திரையில் பார்த்துவிட்டு, என் எழுத்தையாவது கையால் எழுத வேண்டும் என்றிருக்கும். வாசிப்புக் குறிப்பு, கட்டுரைகளின் முதல் வரைவு, அனுப்பப்போகும் கடிதத்தின் நகல் எல்லாம் இதில்தான். வருடக்கணக்கில் எழுதிய பிறகு சொல்வதால் முதல் வாரத்து மயக்கமெல்லாம் தெளிந்துவிட்டது.

கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சின் கிழக்கே, வோஜ் மலைப்பகுதியில் எத்திவால் என்ற ஊரில், 1858இல் ழான்-பத்திஸ்த் பிஷெல்பெர்ஜே தொடங்கிய தாள் ஆலை இது. நோட்டு விற்கும் பலர் தாளை வெளியில் வாங்கித் தைத்து விற்பார்கள். இவர்கள் தாளையும் தாங்களே செய்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இங்க் பேனாவால் எழுதிப் பழகுவது நெடுநாள் வழக்கம். அதற்கென்றே அங்கே ஒரு கோட்டு முறை உண்டு. செயேஸ் கோடு என்பார்கள். போன்துவாஸ் நகரத்துப் புத்தக வியாபாரி ழான்-அலெக்சாந்த்ர் செயேஸ் 1892இல் பதிவு செய்தது. 8 மில்லிமீட்டர் கட்டங்கள், அவற்றுக்குள் 2 மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு. எந்த எழுத்து எந்தக் கோடுவரை ஏற வேண்டும், எதுவரை இறங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் மையால் எழுதிப் பழகும் நாட்டில் மை தாங்காத நோட்டு விலைபோகாது. தரத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான் வாங்குவது செயேஸ் அல்ல, சாதாரணக் கோடு. ஆரஞ்சு அட்டை போட்ட நோட்டுக்குப் பெயர்போன ரோடியா கம்பெனியும் 1997 முதல் இவர்கள் குடும்பத்தில்தான் இருக்கிறது. ரோடியா பிடித்தவர்களுக்கு இந்தத் தாள் புதிதாக இருக்காது.

சரி, தமிழ் எழுதினால் எப்படி இருக்கிறது? இணையத்தில் கிடைக்கும் நோட்டு மதிப்புரைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. நம் எழுத்து முழுக்கச் சுழி. மீடியம் நிப்பால் ‘அண்ணன்’ என்று சாதாரண நோட்டில் எழுதிப் பாருங்கள். மூன்று சுழி ‘ண’வில் ஒரு சுழி மை அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். மறுநாள் படிக்கும்போது அது மூன்று சுழியா இரண்டு சுழியா என்று சொல்லிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். ‘ஞ’, ‘ஐ’, ‘ணை’ எல்லாவற்றுக்கும் இதே கதி. கிளேர்ஃபோன்டேனில் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அப்படியே நிற்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கோட்டின் ஓரம் பிசிறாமல் இருக்கிறது. அதே பேனா, அதே மை, எழுத்து மட்டும் ஒரு சுற்று மெலிந்து தெரியும். ‘ன’, ‘ண’ மாறிப்போவதைத் திருத்தியே பிழைக்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று புள்ளி. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது நிப் தாளில் ஒரு கணம் நிற்கும். நிற்கிற இடத்தில் மை தேங்கும். உறிஞ்சும் தாளில் அந்தப் புள்ளி பரந்து எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தாளில் சின்ன வட்டமாக, மேலே குமிழ்ந்து நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வரி முழுக்கக் காய்ந்த பிறகும் புள்ளிகள் மட்டும் பளபளத்துக்கொண்டிருக்கும். காய்ந்துவிட்டது என்று கையை வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் வால் முளைத்துவிடும். ‘க்’, ‘த்’, ‘ப்’ என்று ஒற்று மிகும் இடங்களிலெல்லாம் வலதுபக்கம் இழுத்த நீலக் கோடு. தமிழில் எழுதுகிறவர்கள் இந்த நோட்டில் பழக வேண்டியது இது ஒன்றுதான்: காய்ந்ததா என்று எழுத்தைப் பார்க்காதீர்கள், புள்ளியைப் பாருங்கள்.

வரி இடைவெளி 8 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. சிலருக்கு அகலம் என்று தோன்றலாம், எனக்குப் பிடித்திருக்கிறது. ‘கீ’, ‘மீ’ மேலே ஏறுகிறது, ‘மு’, ‘ழு’, ‘கூ’ கீழே இறங்குகிறது. நெருக்கமான கோட்டில் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். இதில் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கோட்டின் நிறம் வெளிறியது, எழுத்தோடு போட்டி போடுவதில்லை.

இனி தொல்லையைச் சொல்கிறேன். மை காய நேரம் எடுக்கும். வெயில் காலத்தில் மீடியம் நிப்பில் சாதாரண நீல மை அரை நிமிடத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னைக் காற்று கனத்துக் கிடக்கும்போது இன்னும் தாமதமாகும். பக்கத்தின் கடைசி வரியை எழுதிவிட்டு உடனே திருப்பினால் எதிர்ப்பக்கத்தில் அச்சு விழும். ஆகவே ஒற்றுத்தாள் (பிளாட்டிங் பேப்பர்) ஒன்று நோட்டுக்குள் எப்போதும் இருக்க வேண்டும். தேய்க்காமல் மேலே வைத்து லேசாக அழுத்தி எடுத்தால் போதும். பள்ளியில் சாக்பீஸை உருட்டி மையை ஒற்றிய தலைமுறையினர் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். சுண்ணப்பொடி வழவழப்பான பரப்பில் தங்கி, அடுத்த வரி எழுதும்போது நிப்பின் பிளவில் ஏறிவிடும்.

இரண்டாவது தொல்லை உள்ளங்கை. இவ்வளவு மூடிய பரப்பில் எண்ணெய்ப் பசை பட்டால் மை பிடிக்காது. பக்கத்தின் மேல்பாதியில் ஒழுங்காக எழுதிய பேனா கீழ்ப்பாதிக்கு வந்ததும் திக்கும். ஆரம்பத்தில் எழுத்தின் முதல் இழுப்பு விழாது, அப்புறம் பாதி எழுத்து காணாமல் போகும். பேனாவைக் கழுவி, நிப்பைக் குறைசொல்லி, மையை மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் தாளில் படிந்த கையெண்ணெய்தான். மேல்பாதி எழுதும்போது கை ஓய்வெடுத்தது கீழ்ப்பாதியில்தானே! தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு எழுத உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். ஒற்றுத்தாளே அதற்கும் ஆகும்.

எந்த நிப் என்று பலர் கேட்கிறார்கள். தாள் வழவழப்பாக இருப்பதால், வழுக்கிக்கொண்டு போகும் பட்டை நிப் இதில் எனக்குச் சரிவரவில்லை. சுழியை முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் கை ஓடிவிடுகிறது. தாளை லேசாக உரசி, எழுதுவது விரலுக்குத் தெரிகிற நிப்தான் தோது. பைலட்டின் ஃபைன் நிப் அற்புதமாகப் பொருந்துகிறது. அதில் மையும் சீக்கிரம் காயும். லாமி சஃபாரி பேனாவின் மீடியம் நிப் பரவாயில்லை. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபனைட் என்ற கெட்டி ரப்பரைக் கடைந்து கையால் செய்கிற பேனா ஒன்று என்னிடம் இருக்கிறது. மையை நேராக உடலுக்குள் ஊற்றும் வகை. அதைத் திறந்தால் இந்த நோட்டுக்குத்தான் போகும். தாராளமாக மை விடும் பேனாவை முழுசாகத் தாங்கும் தாள் வேறெங்கே கிடைக்கிறது? எழுதும் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மையின் உண்மையான நிறத்தை இந்தத் தாளில்தான் பார்க்கலாம். உறிஞ்சும் தாளில் எல்லா நீலமும் ஒரே மங்கல் நீலம். இதில் ஒரே எழுத்துக்குள் இழுப்பின் தொடக்கம் வெளிறியும், நிப் நின்று திரும்பிய இடம் அடர்ந்தும் இருக்கும். நான் அதிகம் ஊற்றுவது பெலிக்கன் 4001 ப்ளூ-பிளாக். இரும்புச் சத்து கலந்த பழைய வகை மை. எழுதும்போது நீலம், போகப்போகக் கருமை. வேறு தாள்களில் இந்த மாற்றம் எழுதின கையோடு முடிந்ததுபோல் இருக்கும். இதில் காலையில் எழுதியதும் முந்தின நாள் எழுதியதும் அருகருகே இரண்டு நிறமாகத் தெரிகின்றன. இந்த வகை மைக்குத் தண்ணீர் பட்டாலும் ஓரளவு எழுத்து மிஞ்சும். ராயல் ப்ளூ வகைகள் அழகாக இருக்கும், ஆனால் ஒரு துளி தண்ணீருக்குத் தாங்காது. மை மேற்பரப்பிலேயே தங்குவதால் சுலபமாகக் கரைந்துவிடும். வைத்துப் பாதுகாக்க வேண்டியதை அதில் எழுத வேண்டாம்.

தாளின் வெண்மை எனக்கு முழுச் சம்மதமில்லை. பகல் வெளிச்சத்தில் அழகு. இரவில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்து எழுதினால் கண் கூசுகிறது. மஞ்சள் விளக்குக்கு மாறிய பிறகு நிம்மதி. வெண்மையே ஆகாது என்றால் ரோடியாவின் வெப்நோட்புக்கைப் பாருங்கள். அதே 90 ஜிஎஸ்எம், தந்த நிறம். அட்டையும் கெட்டி.

இருபுறமும் எழுத முடிகிறதா என்றால், தாராளமாக. மறுபக்கத்து எழுத்து லேசான நிழலாகத் தெரியும், படிப்பதற்குத் தடையில்லை. எழுத எழுத முதுகு தளர்ந்து நோட்டு மேசையில் படிந்து கிடக்கிறது. பையில் போட்டு எடுத்துப்போகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள், இது தோல் அட்டை அல்ல.

எழுதி முடித்த நோட்டுகளை நம் ஊரில் வைத்துக் காப்பது தனி வேலை. ஸ்டார்ச் இருக்கும் இடத்தைத் தேடி இராமபாணப் பூச்சி வரும். இறுக்கமாக மூடும் பெட்டியில் போட்டு, ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து வைக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துத் தை மாத வெயிலில் நிழலோரமாக ஒரு நாள் விரித்து வைப்பேன். நேர் வெயில் கூடாது, சாய மைகள் வெளுத்துவிடும். பழைய நோட்டுகளில் தாள் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

விலை அதிகம்தான். இறக்குமதி என்பதால் ஒரு நோட்டின் விலைக்கு நம் ஊர் லாங் சைஸ் நோட்டுகள் ஒரு கட்டே வாங்கலாம். எல்லாவற்றுக்கும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் உட்கார்ந்து ஓட்டமாகக் குறிப்பெடுக்கவோ, தேர்வுக்குப் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்கவோ இந்தத் தாள் தோதுப்படாது. காய்வதற்குள் கை அடுத்த வரிக்கு வந்துவிடும். அந்த வேலைக்கு நான் சாதாரண நோட்டும் ஜெல் பேனாவும்தான் வைத்திருக்கிறேன். இடது கைக்காரர்களில் வரியின் மேலேயே கை நகர்த்தி எழுதுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒரு தாள் கேட்டு எழுதிப் பார்த்துவிடுங்கள்.

நிதானமாக எழுதி, பிறகு எடுத்துப் படிக்கிற எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோட்டு நோட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. முதல்முறை வாங்குகிறவர்கள் 192 பக்க நோட்டில் பணத்தைப் போட வேண்டியதில்லை. இதே தாளில், நடுவில் பின் அடித்த மெல்லிய நோட்டு வருகிறது, 96 பக்கம். அதை வாங்கி, உங்களிடம் இருப்பதில் மெல்லிய நிப்போடு ஆரம்பியுங்கள். ஒற்றுத்தாளைக் கையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், தெருமுனை ஸ்டேஷனரிக் கடைகளில் இப்போது அது சுலபத்தில் கிடைப்பதில்லை.