கூலன்ட் சரி, காற்று வருகிறதா? ஸ்கிட் ஸ்டியர் லோடரின் கூலிங் சிஸ்டம் பற்றி நீண்ட நாள் அனுபவம்

ஸ்கிட் ஸ்டியர் லோடர், அதாவது முன்னால் பக்கெட் மாட்டி, நின்ற இடத்திலேயே திரும்பும் சின்ன லோடர், ஹீட் ஆகிறது என்று யாரிடமாவது சொன்னால், முதலில் வரும் கேள்வி "கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பார்த்தீங்களா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒரே மெஷினைப் பல வருடமாக வைத்து வேலை வாங்கியதில் எனக்குப் பிடிபட்டது வேறு. சின்ன லோடர்களில் சூட்டுப் பிரச்சினை பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கம் ஆரம்பிப்பதில்லை, காற்றுப் பக்கம்தான் ஆரம்பிக்கிறது. கூலன்டை மாற்றி, சூட்டுக்கேற்ப அதன் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றி, வாட்டர் பம்ப் வரைக்கும் செலவு செய்த பிறகு, ரேடியேட்டருக்கும், ஹைட்ராலிக் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலருக்கும் நடுவில் அடைந்து கிடந்த தூசிதான் காரணம் என்று கண்டுபிடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரணம் மெஷினின் அமைப்பிலேயே இருக்கிறது. எஞ்சின் பின்பக்கம், நெருக்கமான பெட்டிக்குள். சக்கரங்களுக்குச் சாதாரண கியர்பாக்ஸ், கிளட்ச் கிடையாது. ஆயிலை அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் பம்பும், அந்த அழுத்தத்தில் சுற்றும் மோட்டாரும்தான் ஓட்டுகின்றன. பக்கெட்டைத் தாங்கும் லோடர் கைகளைத் தூக்குவதும் ஹைட்ராலிக், முன்னால் மாட்டும் அட்டாச்மென்ட் சுற்றுவதும் ஹைட்ராலிக். எஞ்சினில் எரியும் டீசலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலன்டுக்குச் சூடாகப் போகிறது. ஹைட்ராலிக்கில் வீணாகும் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாகச் சேர்கிறது. இந்த இரண்டு சூட்டையும் ஒரே ஃபேனின் காற்றுதான் வெளியே தள்ள வேண்டும்.

அதனால்தான் பக்கெட் வேலையில் நாள் முழுக்க நடுவிலேயே நிற்கும் வெப்பநிலை முள், டிரெஞ்சரோ (பள்ளம் தோண்டுவது) மல்ச்சரோ (செடி, புதரைத் துண்டாக்குவது) மாட்டினால் மெல்ல ஏற ஆரம்பிக்கிறது. பக்கெட் வேலையில் அள்ளுவதற்கும் கொட்டுவதற்கும் நடுவே ஆயிலுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. டிரெஞ்சரில் அந்த இடைவெளியே இல்லை. பக்கெட்டில் சரியாக ஓடி, இப்படிப்பட்ட அட்டாச்மென்டில் மட்டும் சூடேறினால் நான் எஞ்சினைச் சந்தேகப்பட மாட்டேன். நேராக ஆயில் கூலரைப் பார்ப்பேன்.

பல மாடல்களில் ஆயில் கூலரும் ரேடியேட்டரும் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். ஏசி இருந்தால் கண்டென்சரும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும். வெளியே தெரியும் முகம் பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் காய்ந்த புல்லும் உமியும் மண்ணும் கம்பளி போலப் படிந்திருக்கும். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த எளிய சோதனை. திட்டுத் திட்டாக இருட்டு தெரிந்தால் போல்ட்டைக் கழற்றி கூலரை விலக்கியே ஆக வேண்டும். சில மெஷின்களில் இதற்கென்றே கீல் வைத்திருப்பார்கள், சிலவற்றில் சற்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். விலக்கும்போது ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன தகவல் ஒன்று. இந்த வகை லோடரின் முன்னோடியை 1957-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் செய்தது, வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காக. இறகும் எருவும் தூசியும் பறக்கும் இடத்துக்கென்றே பிறந்த வண்டி. அதன் வாரிசுகளில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய இன்றும் இவ்வளவு போல்ட் கழற்ற வேண்டியிருப்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும். சில மாடல்கள் மேலிருந்து இழுத்துப் பக்கவாட்டில் தள்ளும், சிலவற்றில் பின்கதவு வழியாகப் போகும். எஞ்சின் ஓடும்போது கிரில் பக்கம் ஒரு காகிதத் துண்டைக் காட்டினால் ஒட்டுகிறதா, பறக்கிறதா என்று தெரிந்துவிடும். கையை உள்ளே நீட்டாமல், வெளியே நின்று செய்யுங்கள். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையில் கம்ப்ரஸர் அடிக்க வேண்டும். அதே திசையில் அடித்தால் தூசி இன்னும் ஆழமாகத்தான் போய் உட்காரும். நாசிலை ஃபின்னுக்கு, அதாவது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு, நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் ஃபின் படுத்துவிடும். காற்றழுத்தத்தை நான் 30 பிஎஸ்ஐ சுற்றியே வைத்துக்கொள்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

பிரஷர் வாஷர் எனக்குப் பிடிக்காத கருவி, இந்த இடத்துக்கு மட்டும். ஃபின்னை நசுக்கிவிடும், நசுங்கிய ஃபின் அழுக்கு படிந்த ஃபின்னைவிட மோசம், ஏனென்றால் அழுக்கை எடுத்துவிடலாம். காய்ந்த தூசியின் மேல் நேராகத் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம். தூசி சேறாகி, இடுக்கில் இறங்கி, எஞ்சின் சூட்டில் காய்ந்து கெட்டியாகிவிடும். காற்று முதலில், தண்ணீர் பிறகு, அதுவும் சாதாரண ஹோஸ் பைப் வேகத்தில். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அலுமினியத்துக்கு ஒத்துவரும் டீகிரீஸர் தேவை. காஸ்டிக் கலந்தது அலுமினியத்தை அரிக்கும். அந்தப் பிசுக்கு எங்கிருந்து வந்தது என்றும் தேடுங்கள். கசியும் ஹைட்ராலிக் ஃபிட்டிங்கோ, எஞ்சின் உள்ளிருக்கும் வாயு வெளியேறும் பிரீதரோ காரணமாக இருக்கும். அதைச் சரி செய்யாவிட்டால் கூலர் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும்.

திசை மாற்றிச் சுற்றும் ரிவர்ஸிங் ஃபேன் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தளர்வான தூசி, இலை, உமி பறக்கும் இடங்களில் உண்மையிலேயே உதவுகிறது. கைவேலை பாதியாகக் குறையும். எண்ணெயோடு ஒட்டிய அழுக்கை அது அசைக்கக்கூட முடியாது. இருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி டார்ச் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. பின்கிரில்லில் கூடுதலாக வலை கட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வலை அடைத்துக்கொண்டால் உள்ளே சுத்தமான ரேடியேட்டர் இருந்தும் பயனில்லை. வேலைக்கு நடுவே அடிக்கடி இறங்கித் தட்டிவிடும் ஆப்பரேட்டர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ரேடியேட்டர் ஓரங்களில் ஒட்டியிருக்கும் ஃபோம் பட்டைகளை யாரும் மதிப்பதில்லை. அவை கிழிந்து விழுந்தால், வெளியே போன சூடான காற்றே சுற்றி வந்து மறுபடி உள்ளே போகும். மெஷினில் குறை எதுவும் தெரியாமலேயே முள் கொஞ்சம் மேலே நிற்கும்.

இப்போது கூலன்ட். எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி என்பதுதான் பெரும்பாலான மேனுவல்கள் சொல்வது. அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. "அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு" என்று கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுபவர்கள் உண்டு. கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 பக்கத்திலேயே உறைந்துவிடும். சூட்டைக் கடத்துவதிலும் தண்ணீருக்கு ஈடாகாது. இன்னொரு பக்கம், குளிரே இல்லாத இடத்தில் வெறும் தண்ணீர் போதும் என்பவர்கள். கூலன்டில் துருவையும் அரிப்பையும் தடுக்கும் ரசாயனங்கள் இருக்கின்றன, கொதிநிலையையும் அது ஏற்றுகிறது. குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் உள்ளே உப்பாகப் படியும். அந்தப் படிவத்தைக் கம்ப்ரஸரால் எடுக்க முடியாது.

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாம் கம்பெனி கலக்கும் சாயம், அதற்குப் பொதுவான விதி கிடையாது. எந்த வகை என்பதை மேனுவலில் பார்த்து, கேனில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராத இரண்டு வகையைக் கலந்தால் அரிப்புத் தடுப்புச் சக்தி குறையும். சில கலவைகள் கூழாகவும் ஆகும். கலவையின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி வைத்தது எனக்கு நல்ல முதலீடாகத்தான் இருந்திருக்கிறது. எத்திலீன் கிளைக்காலுக்கும் புரொபிலீன் கிளைக்காலுக்கும் அளவுகோல் வேறு வேறு. உங்கள் கூலன்டுக்கு உரியதைப் படியுங்கள். வடித்த பழைய கூலன்டை மூடியுள்ள கேனில் எடுத்து வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், விஷம்.

ரேடியேட்டர் மூடி இருப்பதிலேயே மலிவான பாகம், அதனாலேயே கவனிக்கப்படாத பாகம். பதினைந்து பிஎஸ்ஐ மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் பாதிக்குப் பாதி கலவை 129 டிகிரி பக்கம்தான் கொதிக்கும். பிடிக்காவிட்டால் 107 பக்கத்திலேயே கொதித்துவிடும். சூடு ஏறும்போது ரிசர்வ் டேங்கில் மட்டம் ஏறி, ஆறியதும் இறங்க வேண்டும். எப்போது பார்த்தாலும் ஒரே கோட்டில் நின்றால் மூடியோ, டேங்குக்குப் போகும் சின்னக் குழாயோ சரியில்லை. எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால், மூடிக்குள் இருக்கும் வேக்குவம் வால்வு சிக்கியிருக்கலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது பரவலான வைத்தியம். வேண்டாம். எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராமல் ஓடும், டீசல் சரியாக எரியாமல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். சந்தேகம் இருந்தால் வெந்நீரில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்து, அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கிறதா என்று பாருங்கள். ஒழுகலை அடைக்கும் பவுடர் வகைகளையும் நான் சேர்ப்பதில்லை. ஒழுகும் இடத்தை அடைப்பதோடு நுண்குழாய்களையும் அடைக்கிறது.

பெல்ட்டின் ஓரம் பளபளத்தால் அது வழுக்குகிறது என்று அர்த்தம். வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து கூலன்ட் சொட்டினால் சீல் போய்க்கொண்டிருக்கிறது. துளையை அடைக்க நினைக்காமல் பம்பைப் பாருங்கள். வெளியே ஒரு துளியும் ஒழுகாமல் மட்டம் குறைந்தால் எஞ்சின் ஹெட்டின் கீழே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டும், எஞ்சினுக்கே திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரும் சந்தேகத்துக்கு உரியவை. அது நல்ல மெக்கானிக்கின் வேலை.

கேபினைத் தூக்கித்தான் வேலை என்றால், மேனுவல் சொன்னபடி கைகளைக் கீழே இறக்கியோ, தூக்கிய நிலையில் சப்போர்ட் பூட்டு போட்டோதான் தொடங்க வேண்டும். ஹைட்ராலிக் பிடித்துக்கொள்ளும் என்று நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள்.

வேலைக்கு நடுவே முள் சிவப்புக்குப் போனால், அட்டாச்மென்ட் ஓட்டத்தை நிறுத்தி, பக்கெட்டை இறக்கி, லோடு இல்லாமல் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஃபேனும் பம்பும் சூட்டை இறக்கும். இது கூலன்ட் உள்ளே இருந்தால் மட்டும். ஆவி பறந்தாலோ, ஹோஸ் வெடித்தாலோ உடனே நிறுத்த வேண்டும். உச்சத்தில் இருந்த முள் திடீரென்று விழுந்தால் ஆறிவிட்டது என்று எண்ண வேண்டாம். கூலன்ட் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் தொங்கினாலும் முள் அப்படி விழும்.

பழைய லோடர் வாங்கப் போகிறவர்கள், கழுவிப் பெயின்ட் அடித்து நிற்கும் மெஷினைச் சும்மா ஐடிலில் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து கூலன்டின் நிறத்தையும், மேலே எண்ணெய் மிதக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு ஹைட்ராலிக் அட்டாச்மென்ட் ஏதாவது மாட்டி, அரை மணி நேரமாவது விடாமல் வேலை வாங்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குத் தயங்கினால் விலை பேசும் முன் காரணத்தைக் கேளுங்கள்.