முதலில் 8 முடிச்சு, பிறகு 17: ஒரு பயாப்ஸி லேப் பற்றி

அக்காவுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய். அறுவை முடிந்ததும் வெட்டியெடுத்த குடல் பகுதியை மருத்துவமனையிலிருந்து ஒரு பேத்தாலஜி லேபுக்கு அனுப்பினார்கள். அந்த லேபின் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு அவர்கள்மேல் ஒரு குறையும் உண்டு, பெரிய நன்றியும் உண்டு. பெயர் போடவில்லை.

முதல் அறிக்கை சொன்னபடி ஆறாம் நாள் வந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டியிருக்கிறது, அதாவது டி3. கடைசி வரியில், நிணநீர் முடிச்சுகள் 8, நோய் பரவியவை 0. குடலை ஒட்டிய கொழுப்புக்குள் இருக்கும் சின்னச் சின்ன நெறிக்கட்டிகள்தான் இந்த முடிச்சுகள், நோய் பரவியிருக்கிறதா என்று அவற்றில்தான் பார்ப்பார்கள். "எட்டுல ஒண்ணுகூட இல்லையாமேடா" என்று அக்கா போனில் அழுதாள். அன்றைக்கு நானும் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அறுவை மருத்துவர் அந்தக் கடைசி வரியைவிட்டு நகரவில்லை. பெருங்குடல் புற்றுநோயில் குறைந்தது 12 முடிச்சாவது பார்த்திருந்தால்தான் பரவவில்லை என்பதை நம்பலாமாம். சிலருக்கு முடிச்சுகளே குறைவாகத்தான் கிடைக்கும், லேபை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். சரிதான். ஆனால் எண்ணிக்கை 12க்குக் கீழே இருக்கிறது என்று அறிக்கையிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாமே? நோயாளி வீட்டார் 0 என்ற எண்ணைத்தான் பார்ப்பார்கள், 8 என்பதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் குறை இது ஒன்றுதான். சின்னக் குறை இல்லை.

லேபுக்குப் போன் செய்தேன். அறிக்கை கொடுத்த பிறகும் மீதித் திசுவைச் சில வாரம் ஃபார்மலினில் போட்டு வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு அப்புறப்படுத்திவிடுவார்கள். அதனால் தாமதிக்காமல் கேட்கச் சொல்லியிருந்தார் அறுவை மருத்துவர். கவுண்டரில் இருந்த பெண் அலைக்கழிக்காமல் நேரே பேத்தாலஜி மருத்துவரிடம் இணைப்பைக் கொடுத்தார். வயதில் மூத்தவர். எங்கள் தப்பில்லை என்ற பேச்சே அவரிடம் இல்லை. "மீதிக் கொழுப்பு அப்படியே இருக்கு தம்பி. நானே உட்கார்ந்து மறுபடி தேடறேன். அஞ்சு நாள் கொடுங்க" என்றார்.

ஐந்தாம் நாள் நேரில் வரச் சொல்லி எல்லாவற்றையும் காட்டினார். குடலைத் தாங்கிப் பிடிக்கும் கொழுப்பு மடிப்பு ஒரு தட்டில் இருந்தது. ஃபார்மலின் நெடியில் கண் எரிந்தது. மஞ்சள் கொழுப்பை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கொழுப்பு நசுங்கிப் போகும், முடிச்சு மட்டும் நழுவி நிற்கும். இதற்கு விரல் நுனிதான் கருவி. இப்படித் தேடி இன்னும் 9 எடுத்திருக்கிறார். மொத்தம் 17. அதில் ஒன்றில் நோய் இருந்தது.

அந்த ஒன்றை மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் விட்டார். முடிச்சு முழுக்க நீலப் புள்ளிகளாக அடைந்து கிடந்தது. ஓரத்தில், உறைக்கு அடியிலேயே, ஒழுங்கில்லாத சில வளையங்கள். நிணநீர் வந்து முதலில் நுழைகிற இடம் அதுதான், புற்றுச் செல்லும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தங்கும் என்றார். நான் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

சிடி ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். சிடி முக்கியமாக அளவை வைத்துத்தான் சொல்லும். வயிற்றில் இருக்கும் முடிச்சின் குறுகிய பக்கம் 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் பொதுவாக இயல்பு என்றே எழுதுவார்கள். அக்காவின் சிடியில் இருந்ததிலேயே பெரியது 8 மி.மீ. நோய் இருந்ததோ 4 மி.மீ. முடிச்சில். பெரிதாக இருப்பதெல்லாம் புற்றுநோயும் இல்லை. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிற மாதிரி, குடலில் தொற்று வந்தால் வயிற்றுக்குள்ளும் நெறி கட்டும். காசநோயிலும் கட்டும், பெட் ஸ்கேனில் அதுவும் புற்றுநோய் போலவே ஒளிரும். சந்தேகம் என்றால் திசுவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இத்தனையையும் பொறுமையாக உட்கார்ந்து சொல்லித்தந்தார்.

அந்த ஒரு முடிச்சால் நோய் இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போனது. கீமோ வேண்டுமா என்ற பேச்சே மாறிவிட்டது, வேண்டும் என்றாகிவிட்டது. டி3, பரவிய முடிச்சு மூன்றுக்குள் என்பதால் ஆக்சாலிபிளாட்டின், கேப்சிடபின் என்ற இரண்டு கீமோ மருந்துகளும் சேர்த்து 3 மாதம் போதும் என்றார் புற்றுநோய் மருத்துவர். நான்கோ அதற்கு மேலோ பரவியிருந்தால் 6 மாதம் பேசியிருப்பாராம். அந்த மூன்று மாதமும் அக்காவால் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க முடியவில்லை, விரலெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும் என்பாள். "தெரியாமலே இருந்திருந்தா இன்னும் மோசம்டா" என்று அவளேதான் எனக்குச் சொன்னாள்.

ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகளையும் இன்னொரு இடத்தில் காட்டக் கேட்டபோது, கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே கொடுத்தார்கள். இன்னொரு முறை தேவைப்பட்டாலும் இந்த லேபுக்குத்தான் போவேன். 12க்குக் குறைந்தால் அறிக்கையிலேயே எழுதுங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை.