நாற்காலியோடு போவதா, விட்டுவிட்டுப் போவதா?

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்புக்கே ஆறு படிகள். சக்கர நாற்காலியில் இருக்கும் என்னை வளவு (உள்முற்றம்) வரை யாராவது தூக்கித்தான் போக வேண்டும். ஹெட்செட்டைத் தலையில் மாட்டி நுழையும் மெய்நிகர் உலகில் படி இல்லை. எந்த உருவத்தில் நுழைவது என்பதுதான் கேள்வி.

நான் பெரும்பாலும் சக்கர நாற்காலியோடுதான் போகிறேன். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022-இல் தன் அவதார்களுக்கு (நமக்குப் பதிலாகத் திரையில் தோன்றும் உருவங்களுக்கு) செவிக்கருவி, காக்ளியர் கருவி (உள்காதில் பொருத்துவது) ஆகியவற்றைச் சேர்த்தது; சக்கர நாற்காலி அப்போது ஸ்டிக்கர்களில் மட்டும் வந்தது. நாற்காலியோடு போனால் என்னைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொல்லையும் உண்டு. ஒரு தளத்தில் ஒருவர் கேட்காமலே பின்னால் வந்து தள்ளுவதுபோல் நடித்தார். (ஊரில் ஆச்சிகளும் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் அன்பாக.) மெட்டாவின் மெய்நிகர் தளமான ஹொரைசன் வேர்ல்ட்ஸில் 2022-இல் வந்த ‘தனிப்பட்ட எல்லை’ என்ற வசதி, அவதார்களுக்கு இடையே ஏறத்தாழ 4 அடி இடைவெளி விட்டது. அந்த வசதி இல்லாத இடத்துக்குப் போக எனக்குத் தயக்கம்தான்.

நடக்கும் உருவத்தில் பரிதாபப் பார்வை இல்லை. கேலிக்கு அஞ்சுகிறவர் அதைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உட்கார்ந்தபடி ஹெட்செட் அணிந்தால் உயரம் குறைவாகப் பதிகிறது. அமர்ந்த நிலைக்கான அமைப்பு இல்லாவிட்டால் எல்லோரையும் அண்ணாந்து பார்த்தே பேச வேண்டும். மறைத்தது அங்கே வெளிப்பட்டுவிடும். முன்பின் தெரியாத கூட்டத்துக்கு மட்டும், முதல் நாள், நடக்கும் உருவத்தில் போய்ப் பார்க்கிறேன்.