விடுமுறையில் ஒரு பழைய ரிவால்வரின் பழுதுபார்ப்பு

அப்பா வைத்திருந்த ஆறு தோட்டா ரிவால்வர் இப்போது தம்பியின் உரிமத்தில் இருக்கிறது. சுடும்போது பக்கவாட்டில் ஈயத் துணுக்கு தெறிக்கிறது என்று அவன் சொன்னதால், இம்முறை விடுமுறையில் சென்றிருந்தபோது, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றோம்.

தோட்டா இடும் அறைகள் காலி என்பதைத் தாமும் பார்த்து, எங்களையும் பார்க்க வைத்த பிறகே வேலையைத் தொடங்கினார். முதலில் ஆறு அறைகளிலும் போலித் தோட்டாக்களை இட்டார். சில பழைய வகைகளில், அறைகள் காலியாக இருந்தால், உறைகளை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகடு சற்றே நகர்ந்து, இல்லாத பழுதைக் காட்டிவிடுமாம். பின்னர், அந்த அறைகள் அமைந்த சுழலும் உருளையான சிலிண்டரின் மீது ஒரு விரலை லேசாக உரசவிட்டு, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை மிக மெதுவாகப் பின்னிழுத்தார். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் சுழல் வேகத்திலேயே போய்ப் பொருந்திக்கொண்டு பழுதை மறைத்துவிடும். சுத்தியல் முழுதாக ஏறி நிற்பதற்குள் சிலிண்டரைப் பூட்டும் அடியிலுள்ள கொண்டி அதன் காடியில் விழுந்தாக வேண்டும். நான்கு அறைகளில் 'டிக்' என்று விழுந்தது. மற்ற இரண்டில் சுத்தியல் நின்ற பிறகும் சிலிண்டர் மயிரிழை பின்தங்கி நின்றது. ஆறிலும் பின்தங்கினால் சிலிண்டரைத் தள்ளும் நெம்பின் முனை தேய்ந்திருக்கும் என்றும், சிலவற்றில் மட்டும் என்றால் அந்த நெம்பு தள்ளும், நட்சத்திரத் தகட்டில் அந்த அறைகளுக்குரிய பற்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார்.

விசையை அழுத்திப் பிடித்தபடி சுத்தியலை இறக்கிய நிலையில், சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டியும் பார்த்தார். இம்மி அசைவு பல ரிவால்வர்களில் இயல்பே. கோல்ட் நிறுவனத்தின் பழைய வகைகள்தான் அந்த நிலையில் அசையாமல் இறுகி நிற்கும். முன்பின் ஆட்டம் வேறு கணக்கு. சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியை, சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளி ஒரு முறையும் முன்னுக்குத் தள்ளி ஒரு முறையும் ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்தார். இரண்டின் வித்தியாசமே அந்த ஆட்டம். இடைவெளி பொதுவாக 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருக்கலாம்; எங்களுடையது அதற்குள் இருந்தது. கடைசியாக, குழல் வழியே இறக்கிய அளவுக் கம்பி அதே இரண்டு அறைகளின் விளிம்பில் இடித்து நின்றது. ஈயம் சீவப்பட்டது அங்கேதான்.

நீளமான நெம்பு போட்டால் போதாதா என்று தம்பி கேட்டான். சரியாக இருக்கும் நான்கு அறைகளும் அதனால் கெடும் என்று மறுத்து, தகட்டையே மாற்ற வேண்டும், அதுவரை சுடக் கூடாது என்றார். நிதானமான, நேர்மையான வேலை. ஒரே குறை, எல்லாவற்றையும் வாய்மொழியாகவே சொன்னார். எந்த இரண்டு அறைகள் என்பதை நாங்கள் கேட்ட பிறகுதான் ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்.