பில்லில் புது ஏர் ஃபில்டர், வண்டியில் பழைய ஸ்பாஞ்சு: செம்மணல் தேரிப்பக்கம் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலியில் ஒரு பட்டறையில் ட்ரெயில் பைக்கை (மண்பாதையில் ஓட்டும் வண்டியை) சர்வீஸுக்கு விட்டதற்கு வந்த பில் இது: ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சு புதுசு 1, ஃபில்டர் ஆயில், லேபர். "புதுசு போட்டாச்சு அண்ணாச்சி, ஓட்டிப் பாருங்க, சும்மா பறக்கும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். வண்டியும் பறந்தது. சைடு பேனலைக் கழற்றினால் உள்ளே இருந்தது அதே பழைய ஸ்பாஞ்சு. பெட்ரோலில் முக்கிப் பிழிந்து, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் மாட்டியிருக்கிறார்கள். ஒட்டிய ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது. ஃபில்டர் பெட்டி மூடியில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்ததும் துணி செம்மண் நிறமாக வந்தது.

வண்டி நன்றாக ஓடுவதை வைத்து வேலை சரியாக நடந்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அடைத்த ஃபில்டர் வண்டியை மந்தமாக்கும், அதனால் உடனே தெரிந்துவிடும். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்சோ, கிழிந்த ஸ்பாஞ்சோ காற்றைத் தாராளமாக விடும், பிக்கப் கூடின மாதிரியே இருக்கும். ஸ்பாஞ்சின் கண்கள் பெரியவை. தூசியைப் பிடிப்பது அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான். எண்ணெய் இல்லையென்றால் ஃபில்டரே இல்லாத மாதிரிதான்.

நம்ம பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. திசையன்விளை, இட்டமொழி தேரியில் இருப்பது இரும்புச் சத்து பூசிய குவார்ட்ஸ் மணல். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் வண்டி நின்றாலே தூசி படியும். அந்தத் தூசி சிலிண்டருக்குள் போய் ஆயிலோடு கலந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல பிஸ்டன் ரிங்கையும் போரையும் (சிலிண்டரின் உட்சுவரையும்) தேய்க்கும். முதலில் ஆயில் குறையும், பிறகு நீலப் புகை வரும். அதற்கப்புறம் போரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதுதான் வழி. ஒரு ஸ்பாஞ்சு விலை எங்கே, அந்தச் செலவு எங்கே!

ஸ்பாஞ்சைச் சரியாகக் கழுவும் முறையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. பேனலைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். ஸ்பாஞ்சை எடுத்ததும் இன்ஜின் பக்க ஓட்டையில் நூல் உதிராத சுத்தமான துணியை அடைத்துவிட்டு, அப்புறம் பெட்டியின் உள்பக்கத்தைத் துடையுங்கள். பெட்டியின் அடியில் ஒரு வடிகால் குழாய் மூடியோடு இருக்கும். அதைக் கழற்றி, தேங்கியதை வடியவிட்டு, மறக்காமல் மூடுங்கள். ஸ்பாஞ்சைப் பெட்ரோலில் போடவே கூடாது. தீ ஆபத்து ஒரு பக்கம், ஒட்டுப் போட்ட பசையை இளக்கி ஓரத்தைப் பிளக்கவைப்பதும் அதுதான். ஃபில்டர் கிளீனரோ மண்ணெண்ணெயோ போதும். துணி மாதிரி முறுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்க வேண்டும். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காயவையுங்கள். ஈரம் மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் பிடிக்காது.

எண்ணெய் விடுவதில்தான் பட்டறைகள் கை வைக்கின்றன. ஃபில்டர் ஆயிலை ஊற்றி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பிசைந்தால் எல்லா இடமும் ஒரே நிறமாக வர வேண்டும். வெளிறிய திட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. சொட்டாத அளவுக்கு அமுக்கி எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியில் வையுங்கள். சாதாரண இன்ஜின் ஆயில் வேண்டாம். சூட்டில் இளகிக் கீழே இறங்கிவிடும், மேல்பாதி வறண்டுபோகும். ஃபில்டர் ஆயில் கிடைக்காத ஊரில் 80-90 கியர் ஆயில் பரவாயில்லை. பழைய ட்ரெயில் பைக் மேனுவல்களே அதைச் சொல்லியிருக்கின்றன. கடைசியாக, ஸ்பாஞ்சு பெட்டியில் உட்காரும் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, மாட்டின பிறகு விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். எங்கேயாவது விளிம்பு மடங்கியிருந்தால் தூசி அந்த வழியாகத்தான் போகும். கிளாம்ப் லூஸாக இருந்தாலும் அதே கதைதான்.

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் வண்டிகளில் கம்பெனியிலிருந்து வருவது பேப்பர் ஃபில்டர். இதில் நடக்கும் ஏமாற்று வேறு. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் துப்பாக்கியைப் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்து முழு வேகத்தில் அடித்து, "புதுசு" என்று பில் போடுவது. அந்த அழுத்தத்தில் மடிப்புகளில் ஊசித்துளை விழும். டார்ச்சை உள்ளே வைத்துப் பார்த்தால் வெளிச்சம் பொட்டுப்பொட்டாகத் தெரியும். எண்ணெய் தோய்க்காத பேப்பரை மெதுவாகத் தட்டலாம், குறைந்த அழுத்தத்தில் தள்ளி நின்று உள்ளிருந்து வெளியே காற்று விடலாம். எண்ணெய் தோய்த்த பேப்பர் என்றால் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் தார் ரோட்டுக்கானது. தேரியிலோ குவாரி ரோட்டிலோ ஓட்டுபவர்கள் அதற்கு ரொம்ப முன்னாலேயே மாற்ற வேண்டியிருக்கும்.

வண்டியை விடும் முன் பழைய ஃபில்டரின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமான் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே (வண்டியை விடும்போது பட்டறையில் எழுதும் வேலைச் சீட்டிலேயே) எழுதச் சொல்லுங்கள். புது ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரும் எம்ஆர்பியும் பில்லோடு ஒத்துப்போக வேண்டும். வெறுமனே "ஃபில்டர்" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து மடிப்புகளை எண்ணிப் பாருங்கள். போலி ஃபில்டரில் மடிப்பு குறைவாக, இடைவெளி விட்டு இருக்கும், ரப்பர் விளிம்பும் கெட்டியாக இருக்கும்.

பணம் கட்டும் முன் பட்டறை வாசலிலேயே பேனலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். மறுத்தால் அந்தப் பட்டறையில் வேறு எதையும் கழற்ற விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழற்றும்போதே வீடியோ எடுத்து, செம்மண் படிந்த துணியோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். இன்ஜின் ஆயிலை உடனே மாற்றிவிட்டு, அடுத்து வரும் வாரங்களில் ஆயில் மட்டம் இறங்குகிறதா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை. பில், ஜாப் கார்டு, போட்டோ மூன்றையும் நகல் எடுத்து இணையுங்கள்.