300 சிப் பெட்டியும் ரொறன்ரோ மச்சானும்

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து மச்சான் வந்து நின்றான். பகல் முழுக்கக் கோயில். இரவில் விறாந்தையில் குந்தியிருந்து எத்தனை நாள்தான் கதைப்பது? "போக்கர் ஆடுவம்" என்றான். ரவுணில் ஒரு கடையில் 300 சிப் (காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்ட வில்லை) கொண்ட அலுமினியப் பெட்டியை 9,500 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். காசு வைத்து ஆடவில்லை, தோற்றவன் ரியோ கடையில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சிப் ஒவ்வொன்றும் 11.5 கிராம், உள்ளே இரும்பு வில்லை இருக்கிறது. கையில் எடுத்தால் கனம் தெரிகிறது, மேசையில் அடுக்கினால் சரிவதில்லை. வெள்ளை 100, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு தலா 50. எண் எதுவும் அச்சிடவில்லை, பெறுமதியை நாமே வைத்துக்கொள்ளலாம். ஆறு பேருக்கு இப்படிப் பிரித்தேன்: வெள்ளை 25 என்று 12, சிவப்பு 100 என்று 7, பச்சை 500 என்று 8. ஆளுக்குச் சரியாக 5,000. நீலத்தை 1,000 என்றும் கறுப்பை 5,000 என்றும் பிந்திய சுற்றுகளுக்கு எடுத்து வைத்தேன்.

பெட்டியோடு வந்த விளையாட்டுக் கடுதாசிக் கட்டு இரண்டும் குப்பை. ஆவணி வெக்கையும் பருத்தித்துறை வடை எண்ணெயும் பட்டு முதல் இரவே ஊதிவிட்டன. ஸ்கோப்பன் ஏஸின் மூலை மடிந்ததால் அது யார் கையில் இருக்கிறது என்று மேசைக்கே தெரிந்தது. பிளாஸ்ரிக் கட்டு ஒன்று தனியாக வாங்குங்கள்.

பெரிய குறை நிறத்தில். எங்கள் விறாந்தை பல்ப் வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. தொடக்கத்தில் இது உறைக்காது, ஏனென்றால் அந்த இரண்டும் அப்போது மேசையில் இல்லை. கடைசி இருவர் மிஞ்சும்போதுதான் வருகின்றன.

முதல் இரவு மிஞ்சியது நானும் மச்சானும். பிளைண்ட், அதாவது கடுதாசி போட முன்னரே இருவரும் வைக்க வேண்டிய கட்டாயத் தொகை, 500, 1,000. அவன் ஆடும் விதம் எப்படியென்றால், கையில் என்ன வந்தாலும் ஏற்றுவான். நான் யோசித்தால் "என்ன மச்சான், பயந்திட்டியோ?" என்பான். என்னிடம் 14,000. அவனுடைய குவியலில் ஒரு கறுப்பு, ஆறு நீலம், இரண்டு பச்சை என்று எண்ணி 12,000 என்று முடிவு கட்டினேன். அவன் 3,000 ஏற்ற, நான் ஏஸ்-ஒன்பதோடு முழுவதையும் தள்ளினேன். தோற்றாலும் 2,000 மிஞ்சும் என்ற தைரியம். அவனிடம் பத்துகள் இரண்டு, சோடியாக இருந்தன. உண்மையில் கறுப்பு இரண்டு, நீலம் ஐந்து, பச்சை இரண்டு, மொத்தம் 16,000. எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கணக்குச் சரியாகத் தெரிந்திருந்தாலும் அந்தக் கையைத் தள்ளியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அன்றிரவு நித்திரை வரவில்லை.

நாங்கள் 304 என்ற கடுதாசி விளையாட்டு ஆடி வளர்ந்தவர்கள். அதில் கேள்வியை (எடுப்பேன் என்று சொல்லும் புள்ளியை) உயர்த்தியவன் அவ்வளவு புள்ளியையும் எடுத்தே காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாட்டினான். போக்கரில் நாம் கையை விட்டுவிட்டால் அவன் கடுதாசியைக் காட்டவே தேவையில்லை. மச்சான் பிழைப்பது இதில்தான். அவனைக் காட்ட வைக்க வேண்டும்.

மறுநாள் கறுப்பைப் பெட்டிக்குள்ளேயே பூட்டினேன். மொத்தமே 30,000தான், அதற்கு 50 நீலம் தாராளம். மறுபடியும் நாங்கள் இருவர். இம்முறை என்னிடம் 9,000, அவனிடம் 21,000, இரண்டும் தூரத்திலிருந்தே தெரிந்தன. அவன் சின்ன பிளைண்டிலிருந்து ஒவ்வொரு முறையும் முழுவதையும் தள்ளினான். நான் பெரிய பிளைண்ட் 1,000 ஏற்கெனவே போட்டாயிற்று. அவனுக்குச் சமமாக இன்னும் 8,000 கட்டினால் நடுவில் கிடக்கும் 10,000 கிடைக்கும். நூற்றுக்கு 45 தடவை வென்றாலே நட்டமில்லை. எதையும் தள்ளுகிறவனுக்கு எதிராகக் கிங்-ஏழு பாதிக்கு மேல் வெல்லும். கட்டினேன். அவனிடம் ஜாக்-நாலு. 18,000 ஆனேன்.

பிறகு ஒரு கை எனக்கு குயின்-ஜாக். அவன் 2,000 ஆக்கினான், கட்டினேன். மேசையில் இருவருக்கும் பொதுவான கடுதாசி குயின், ஏழு, மூன்று. நான் ஒன்றும் போடாமல் மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். இந்த இடத்தில் நான் ஏற்றினால் அவன் குப்பையை எறிந்துவிட்டுப் போய்விடுவான். 2,000 போட்டான், கட்டினேன். அடுத்தது இரண்டு. தட்டினேன். 3,000 போட்டான், கட்டினேன். கடைசியில் பத்து விழுந்தது, திரும்பவும் தட்டினேன். மிச்ச 5,000ஐயும் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். அதுவரை விரலிடுக்கில் சிப்பை உருட்டி டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான், சும்மா மிரட்டுகிறான் என்று பட்டது. (பிளாஸ்ரிக் சிப்பில் இந்தச் சத்தம் வராது, கனத்துக்குக் காசு கொடுத்ததற்கு இதுவும் ஒரு இலாபம். ஒரு இரவை வைத்து இந்த அடையாளத்தை நம்பவும் வேண்டாம்.) கட்டினேன். அவனிடம் எட்டு-ஐந்து, ஒரு சோடிகூட இல்லை.

"உதோட எப்பிடியடா கட்டினனி?" என்றான். நான் சிப்பை நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு பேருக்குள் ஆடுவதென்றால் வாங்கலாம், கறுப்பை மறந்துவிடுங்கள். எட்டுப் பேர் என்றால் என் கணக்கில் சிவப்பும் பச்சையும் காணாது. பெட்டியின் பூட்டு மூன்றாம் நாள் கழன்றது, இப்போது சைக்கிள் ரியூப் வெட்டிக் கட்டி வைத்திருக்கிறேன்.